சரிவில் நின்ற வீடு



தமிழ்நாட்டில் வீடு கட்டத் தொடங்கும்போது கொத்தனார் முதலில் 'வானம் தோண்டுகிறார்'. தரையைத் தோண்டுவதற்கு வானம் என்று பெயர் வந்த காரணத்தைச் சொல்லாராய்ச்சி வல்லார் கூறட்டும். நமக்கு வேண்டியது அந்தக் குழியின் அடியில் என்ன இருக்கிறது என்பதே. மதுரையிலோ தஞ்சையிலோ வீடு கட்டுகிறவருக்கு அக்கேள்வி பெரும்பாலும் ஒரு நாள் வேலையோடு முடிந்துவிடும். கரிசலா, செம்மண்ணா, வண்டலா என்று மேஸ்திரி கையில் எடுத்துப் பார்த்தே சொல்லிவிடுவார். ஆனால், பிழைப்பின் பொருட்டு மேலைக் கடற்கரைக்குச் சென்று, அங்கே குன்றின் சரிவில் மனை வாங்கி, வாழ்நாள் சேமிப்பையெல்லாம் கொட்டி வீடு கட்டிய நம்மவர்க்கு அக்கேள்வி ஆண்டுதோறும் ஆனி, ஆடி மாதங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. அத்தகைய வீடுகளின் அஸ்திவாரம் ஏன் நோய்ப்படுகிறது, அந்நோயை எப்படி அறிவது, எப்படித் தீர்ப்பது என்பனவற்றைச் சொல்ல முற்படுகிறேன். எடுத்துக்காட்டாக மங்களூரையே கொள்கிறேன்.

மங்களூர் குன்றுகளின் மேல் அமைந்த நகரம். குன்றுகளின் உச்சியில் செம்புரைக்கல் ஒரு மூடியைப் போலக் கவிந்திருக்கிறது. இந்தக் கல்லுக்கு 'லாட்டரைட்' என்று பெயரிட்டவர் பிரான்சிஸ் புக்கானன். சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், கன்னடம், மலையாளம் ஆகிய நாடுகளைச் சுற்றிப் பார்த்த அவர், மலையாள நாட்டு அங்காடிப்புரத்தில் இக்கல்லைக் கண்டு, 1807-இல் வெளிவந்த தம் நூலில் அதனை வருணித்தார். வெட்டும்போது மெதுவாக இருந்து, காற்றுப் பட்டபின் இறுகும் இயல்புடையது இது. செங்கல்லைப் போல அறுத்து அடுக்கலாம். ஆகவேதான் செங்கல் என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லை அதற்குப் பெயராக வைத்தார்.

மேலே உள்ள இந்த மூடி நல்ல மூடிதான். கேடு அதற்குக் கீழே இருக்கிறது. செம்புரைக்கல்லுக்கு அடியில் வெண்மையும் இளஞ்சிவப்பும் மஞ்சளுமாக, மாவைப் போன்றதொரு மண் காணப்படுகிறது. அப்பகுதியினர் அதனை ஷேடி மண் என்கின்றனர். பாறை பல்லாயிரம் ஆண்டுகளாக உளுத்துப்போனதால் உண்டான மண் அது. கோடையில் அதனை வெட்டிப் பாருங்கள். சுவரைப் போலச் செங்குத்தாக நிற்கும். கடப்பாரைக்கும் எளிதில் இடங்கொடாது. அதே மண்ணில் நீர் புகுந்து ஊறிவிட்டால் தன் வலிமையில் பெரும்பகுதியை இழந்து குழைந்துவிடும். ஓடும் நீரில் கரைந்தும் போகும். மனை வாங்குகிறவர் மாசி, பங்குனியில் வந்து பார்க்கிறார். பாறைபோல் இருக்கிறதே என்று மகிழ்கிறார். மண் பரிசோதனை செய்பவரும் அதே பருவத்தில் மாதிரி எடுத்து, உலர்ந்த நிலையிலேயே சோதித்துச் சான்று தந்துவிட்டால், அச்சான்று தை மாதத்து வீட்டுக்குத்தான் பொருந்தும். ஆடி மாதத்து வீட்டுக்குப் பொருந்தாது. மண்ணை நீரில் ஊறவைத்துச் சோதித்த கணக்கைக் கேட்டு வாங்க வேண்டும். சூரத்கல்லில் 1960-இல் பொறியியற் கல்லூரியாகத் தொடங்கி, இப்போது தேசியத் தொழில்நுட்பக் கழகமாக விளங்கும் நிலையத்தார் இந்த ஷேடி மண்ணை நெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றனர். ஆதலால் இவ்வூரில் அவ்வறிவுக்குப் பஞ்சமில்லை. அதைக் கேட்டறியும் பழக்கந்தான் நம்மிடம் குறைவு.

மழையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மதுரையில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 850 மில்லி மீட்டர். மங்களூரில் ஜூலை மாதம் ஒன்றில் மட்டும் அதைவிட மிகுதியாகப் பெய்கிறது. பழைய மங்களூர் வீடுகள் இந்த மழையைத் தாங்கி நின்றனவே என்று கேட்கலாம். அவை பெரும்பாலும் குன்றைக் குடையாமல், கிடைத்த சமநிலத்தில் கட்டப்பட்டவை. செம்புரைக்கல் சுவரும் ஓட்டுக் கூரையும் உடையவை. அந்த ஓட்டை நாமும் அறிவோம். பாசல் மிஷனார் 1865-இல் அங்கே ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பின்னர், மங்களூர் ஓடு கப்பலேறியும் ரயிலேறியும் நம் ஊர்க் கூரைகளுக்கெல்லாம் வந்து சேர்ந்தது. ஓட்டுக் கூரையின் பாரம் வேறு. காங்கிரீட் தளம் இரண்டு போட்டு, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியும் வைத்த வீட்டின் பாரம் வேறு. அத்தோடு, சமநிலம் தீர்ந்துபோன பின்னர் நாம் சரிவை வெட்டி மனையாக்கத் தொடங்கினோம்.

இந்த வெட்டுதலில்தான் முதற்பிழை நேர்கிறது. சரிவின் மேற்புறத்தை வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ்ப்புறத்தில் கொட்டி நிரவி, அந்தத் தளத்தின்மேல் வீட்டைக் கட்டுகிறார்கள். வீட்டின் ஒரு பாதி வெட்டிய நிலத்தில் நிற்கிறது. மறுபாதி கொட்டிய நிலத்தில் நிற்கிறது. கொட்டிய மண் அமுங்கும். வெட்டிய நிலம் அமுங்காது. இடையிலுள்ள சுவர் யார் பக்கம் சேர்வது? அதுதான் பிளந்துவிடுகிறது.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்று, மங்களூரில் முப்பதாண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரின் வீட்டில் நேர்ந்ததும் இதுவே. வீட்டின் நோயை முதலில் கண்டவர் அவருடைய மனைவியார். பூசையறைக் கதவு சாத்தும்போது இழுத்தது. மழைக்கு மரம் உப்பியிருக்கும் என்று தச்சரை அழைத்து இழைத்துவிட்டார்கள். மார்கழியில் மழை நின்று மரம் காய்ந்த பிறகும் கதவு இழுத்தது. அப்போதுதான் நிலையின் மேல்மூலையிலிருந்து சாய்வாக ஏறிச் சென்ற வெடிப்பைக் கண்டார்கள். ஒப்பந்தக்காரர் ஒருவர் வந்து பார்த்து, அஸ்திவாரத்தைச் சுற்றி இரண்டடி அகலத்துக்குக் காங்கிரீட் போட்டுவிட்டால் வீடு அசையாது என்றார். போட்டார்கள். ஆயிரக்கணக்கில் செலவாயிற்று என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகும். அடுத்த ஆடியில் அந்த வெடிப்பில் விரல் நுழைந்தது.

காரணம் எளியது. குழைந்த மண்ணின் தலையில் இன்னும் பல டன் பாரத்தை ஏற்றினார்கள். அந்தக் காங்கிரீட் உறுதியான நிலத்தை எட்டவில்லை. வீட்டோடு சேர்ந்து அதுவும் இறங்கியது.

ஆகையால், மருந்துக்கு முன் நோயை அறிய வேண்டும். வீட்டில் தோன்றும் வெடிப்புக்கள் எல்லாம் அஸ்திவார வெடிப்புக்கள் அல்ல. பூச்சில் மயிரிழைபோல் வலைபின்னிக் கிடப்பவை சாந்து உலர்ந்ததால் வந்தவை. அவற்றுக்கு அஞ்ச வேண்டுவதில்லை. கதவு, சன்னல் ஆகியவற்றின் மூலையிலிருந்து சாய்வாகவோ படிப்படியாகவோ செல்லும் வெடிப்பைக் கவனியுங்கள். அது மேலே அகன்றும் கீழே குறுகியும் இருந்தால் வீட்டின் ஓரம் இறங்குகிறது என்று கொள்ளலாம். கீழே அகன்று மேலே குறுகியிருந்தால் நடுப்பகுதி இறங்குகிறது. வெடிப்புக்குள் பழைய சுண்ணாம்பும் தூசியும் ஒட்டடையும் இருந்தால் அது பழைய புண். விளிம்புகள் கூர்மையாகவும் உட்புறம் தூய்மையாகவும் இருந்தால் புண் இன்னும் ஆறவில்லை.

ஆறிற்றா இல்லையா என்று திட்டமாக அறியப் பழைய பொறியாளர்கள் கையாண்ட முறையொன்று உண்டு. மெல்லிய கண்ணாடித் துண்டை வெடிப்பின் குறுக்கே வைத்து, இரு முனைகளையும் சிமெண்டுச் சாந்தால் சுவரோடு பதித்து, பக்கத்தில் தேதியை எழுதிவிட வேண்டும். சுவர் சிறிதளவு நகர்ந்தாலும் கண்ணாடி முறிந்துவிடும். இன்று இதற்கு நுட்பமான அளவுகருவிகள் வந்துள்ளன. இருப்பினும் கண்ணாடித் துண்டு பொய் சொல்வதில்லை. வெடிப்பின் இருபுறமும் பென்சிலால் புள்ளியிட்டு மாதந்தோறும் இடைவெளியை அளந்து குறித்து வருவதும் நன்று. ஒரு மழைக்காலம் முழுவதும் இதனைச் செய்யாமல் பெருஞ்செலவில் இறங்கலாகாது. வீடு விழும் நிலையில் இருந்தால் அது வேறு கதை. அப்போது அளக்க வேண்டுவதில்லை, வெளியேற வேண்டும்.

இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. இறங்குவது வீடு மட்டுமா, அல்லது வீடு நிற்கும் சரிவே நகர்கிறதா? இவ்விரண்டும் வேறு வேறு நோய்கள். வீட்டுக்குள் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி தோன்றும். ஆகவே வெளியே சென்று குன்றைப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு மேற்புறம் நிலத்தில் பிறைவடிவமாக வெடிப்பு ஓடுகிறதா? மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்திருக்கின்றனவா? சரிவின் அடியில் புதிதாக நீர் ஊறுகிறதா, அந்நீர் கலங்கலாக வருகிறதா? கீழ்மனைக்காரர் தம் வீட்டுக்கு இடம் வேண்டிச் சரிவின் காலை வெட்டியிருக்கிறாரா? இவற்றுள் இரண்டொன்று இருந்தாலும் நோய் குன்றின் நோய். அதற்கு வீட்டின் அஸ்திவாரத்தில் செய்யும் எந்த வைத்தியமும் பயன்படாது.

இதற்குக் கலிபோர்னியாவிலுள்ள போர்ச்சுகீஸ் பெண்ட் என்னும் கடற்கரைச் சரிவு சான்று. அங்கே 1956-இல் ஒரு சாலை போடும் வேலையை ஒட்டி நிலம் நகரத் தொடங்கிற்று. நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் பாழாயின. எஞ்சிய வீடுகளில் சிலவற்றை உரிமையாளர்கள் எஃகு உத்திரங்களின்மேல் ஏற்றி, ஜாக்கி வைத்து அவ்வப்போது மட்டம் செய்துகொண்டு வாழ்ந்தனர். தலைமுறைகள் கழிந்தும் நிலம் நிற்கவில்லை. பெருமழைக்குப் பின் வேகம் மிகுந்து, 2024-இல் அப்பகுதி வீடுகள் பலவற்றுக்கு எரிவாயுவும் மின்சாரமும் நிறுத்தப்பட்டன. செல்வமும் பொறியியலும் மிகுந்த நாட்டிலேயே அந்நிலை. நம் நாட்டிலும், 2020 ஆகஸ்டில் மும்பை மலபார் குன்றின் தடுப்புச் சுவர் ஒரே நாள் மழையில் சரிந்து சாலையை மூடியதை அந்நகரத்துத் தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இரண்டு நோய்க்கும் முதல் மருந்து ஒன்றே, நீரை அகற்றுதல். தடுப்புச் சுவர்களையே எடுத்துக்கொள்வோம். 3 மீட்டர் உயரமுள்ள சுவரின் பின்னால் உலர்ந்த மண் இருந்தால், ஒவ்வொரு மீட்டர் நீளத்தின்மீதும் அது ஏறக்குறைய இரண்டரை டன் விசையோடு தள்ளும். அதே மண்ணில் நீர் விளிம்புவரை நிறைந்து வெளியேற வழியின்றி நின்றால், நீர் மட்டுமே நாலரை டன் தள்ளும். மண்ணின் பங்கையும் சேர்த்தால் ஆறு டன்னை நெருங்கும். சுவர் கட்டியவர் இரண்டரை டன்னுக்குக் கட்டினார். வந்ததோ ஆறு டன். கசிவுத் துளைகள் இதற்காகத்தான் வைக்கப்படுகின்றன. அவற்றுள் எறும்பும் குளவியும் குடிபுகுந்தாலும், அழகு கெடுகிறதென்று வீட்டுக்காரர் சிமெண்டு வைத்து அடைத்தாலும் பலன் ஒன்றே. துளைகளைத் திறந்து, அவற்றின் பின்னால் ஜல்லியும் மணலுமாக வடிகட்டும் அடுக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இல்லையேல் நீரோடு ஷேடி மண்ணும் கரைந்து வந்து, சுவரின் பின்னால் பொந்து உண்டாகும்.

வீட்டுக்கு மேற்புறத்தில் குறுக்காகக் கல் பரவிய வாய்க்கால் ஒன்று வெட்டி, குன்றிலிருந்து இறங்கும் நீரை வீட்டுக்கு வருமுன் மறித்து ஓரத்தால் இறக்கிவிட வேண்டும். கூரை நீர் குழாய் வழியாக அந்த வாய்க்காலையே அடைய வேண்டும். சுவரைச் சுற்றி வெளிச்சாய்வாகத் தளம் இட வேண்டும். நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி கசிகிறதா என்று ஓர் இரவு மட்டம் குறித்துப் பார்ப்பது எளிது.

இவ்விடத்தில் நம்மவர்க்கென்றே ஒரு சொல். தமிழ்நாட்டில் மழைநீரை நிலத்துள் இறக்குவதை அறமாகவே கருதுகிறோம். 2003-இல் வீடுதோறும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. சென்னைக் கிணறுகளில் நீர் ஏறியது. அந்த நற்பழக்கத்தைக் கையோடு கொண்டுபோய், மங்களூர்ச் சரிவிலும் வீட்டோரமாக உறிஞ்சுகுழி வெட்டுகிற தமிழர்களைக் கண்டிருக்கிறேன். வறண்ட சமநிலத்தில் உயிர் காக்கும் அந்தக் குழி, ஷேடி மண் சரிவில் வீட்டுக்கே குழி. அங்கே மழைநீரைத் தொட்டியில் சேமியுங்கள். நிலத்தில் இறக்க வேண்டுமானால் சரிவுக்கு அப்பால், சமநிலத்தில் இறக்குங்கள். செப்டிக் தொட்டியின் உறிஞ்சுகுழிக்கும் இதுவே விதி. மழைநீராவது நான்கு மாதங்கள்தான் வரும். கழிவுநீர் ஆண்டு முழுவதும் நாள்தோறும் இறங்குகிறது.

நண்பர் வீட்டில் அஸ்திவாரத்தின் ஓரமாக ஒரு சோதனைக் குழி வெட்டிப் பார்த்தபோது எல்லாம் விளங்கிற்று. கீழ்ப்புறச் சுவரின் அடியில் ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குக் கொட்டிய மண். அதன்கீழ் ஷேடி மண், கையில் எடுத்தால் பிசைந்த மாவு. அதன்கீழ்தான் கெட்டியான நிலம். மேற்புறத்திலோ, சமையலறையிலிருந்து எட்டடி தொலைவில், கழிவுநீர்க் குழி. அதை மூடி, கழிவுநீரைக் குழாய் வழியாகச் சரிவைத் தாண்டிக் கொண்டுசென்றோம். மறிப்பு வாய்க்காலும் வெட்டினோம். பிறகு ஒரு மழைக்காலம் பொறுத்திருக்கச் சொன்னேன். அதற்கு அவர் எளிதில் இசையவில்லை.

"வீடு பிளந்து கிடக்கிறது, நீங்கள் சாக்கடை வெட்டிவிட்டுச் சும்மா இருக்கச் சொல்கிறீர்களே, ஐயா?" என்றார்.

அவர் கோபம் நியாயமே. ஆனால் அந்த மழையில், பதித்த ஆறு கண்ணாடிகளுள் இரண்டே முறிந்தன. குன்று நகரவில்லை, வீட்டின் ஓரம் மட்டுமே இறங்குகிறது என்பதும் உறுதியாயிற்று.

அதன்பின் தை மாதத்தில் அடித்தாங்கல் வேலையைத் தொடங்கினோம். ஈரம் வற்றிய தை முதல் பங்குனி வரையில்தான் இதனைச் செய்யலாம். பழைய அஸ்திவாரத்தின் அடியில் கெட்டி நிலம்வரை தோண்டிப் புதிய காங்கிரீட் நிரப்புவதே வேலை. முழு நீளத்தையும் ஒரே சமயத்தில் தோண்டினால் சுவர் தலையில் விழும். ஆகவே சுவரை ஒரு மீட்டர் நீளமுள்ள பகுதிகளாகப் பிரித்து எண்ணிட்டுக்கொள்ள வேண்டும். ஐந்து பகுதிகள் என்றால், முதலில் 1-ம் 4-ம், அவை முடிந்து இறுகிய பின் 2-ம் 5-ம், கடைசியில் 3. அடுத்தடுத்த இரண்டு குழிகள் ஒருபோதும் ஒருங்கே திறந்திருக்கலாகாது. குழியின் பக்கங்களுக்குப் பலகை முட்டுக் கொடுத்த பிறகே ஆள் இறங்க வேண்டும். ஷேடி மண் சரியும்போது ஓசை எழுப்புவதில்லை.

புதிய காங்கிரீட்டைப் பழைய அஸ்திவாரத்தின் அடிமட்டம்வரை நிரப்பிவிடக் கூடாது. காங்கிரீட் உலரும்போது சற்றே சுருங்கும். மேலே இடைவெளி விழும். வீடு அந்த இடைவெளிக்குள் மறுபடியும் இறங்கும். ஆதலால் 75 மில்லி மீட்டர் அளவுக்கு இடைவெளி விட்டு, சில நாள் கழித்து, ஒரு பங்கு சிமெண்டும் மூன்று பங்கு மணலும் சேர்ந்த, கையில் பிடித்தால் பிடி நிற்கும் அளவுக்கு மட்டுமே ஈரமுள்ள கலவையை அந்த இடைவெளியில் வைத்துக் கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். வேலையின் உயிர்நிலை இதுவே. மேஸ்திரி அவசரப்படுவதும் இங்கேதான். வீட்டுக்காரர் நாற்காலி போட்டு உட்கார வேண்டிய இடமும் இதுவே.

கெட்டி நிலம் ஆறேழு மீட்டர் ஆழத்தில் இருந்தால் இம்முறை செல்லாது. அப்போது சிறுதூண்கள் வேண்டும். 1950-களின் தொடக்கத்தில் இத்தாலியப் பொறியாளர் பெர்னாண்டோ லிட்சி கண்ட முறை இது. பழைய அஸ்திவாரத்தினூடே சாணகலத் துளைகளைப் பாறை வரை இறக்கி, எஃகுக் கம்பி வைத்துச் சிமெண்டுக் குழம்பு நிரப்புகிறார்கள். மரம் வேர்விட்டு நிற்பது போல வீடு நிற்கும். செலவு மிகுதி. வேறு சிலர் மண்ணுக்குள் சிமெண்டுக் குழம்பைச் செலுத்தினாலே போதும் என்பார்கள். பருமணலில் அது பரவும். ஷேடி போன்ற நுண்மண்ணின் இடுக்குகளில் சிமெண்டுத் துகள் நுழையாது. பணம் எங்கோ ஒரு பிளவு வழியே ஓடிவிடும்.

குன்றே நகருமானால் வேலை முற்றிலும் வேறு. தலைப்பாரத்தைக் குறைத்தல், சரிவின் காலில் கல்லடுக்கிக் கனம் சேர்த்தல், சரிவுக்குள் துளையிட்ட குழாய்களைச் செலுத்தி உள்நீரை வடித்தல், எஃகு ஆணிகளால் மண்ணைத் தைத்தல் ஆகியன வேண்டும். ஒரு வீட்டார் செய்து முடிக்கக் கூடியதன்று. மேல்மனை, கீழ்மனைக்காரர்களும் நகராட்சியும் சேர வேண்டும். வெட்டிவேர் நடலாமா என்று பலர் கேட்கின்றனர். நம் தமிழ்ப் பெயரோடே உலகெங்கும் சென்ற புல் அது, மேல்மண்ணை அரிக்கவொட்டாமல் இறுகப் பிடிக்கும், கட்டாயம் நடுங்கள். அதன் வேருக்குக் கீழே, ஆழத்தில் நகரும் நிலத்தை அது அறியாது.

கடற்காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. காற்றிலுள்ள உப்பு காங்கிரீட்டுக்குள் ஊறிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு, இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கொள்ளும். அதனால் காங்கிரீட் வெடித்து உதிர்கிறது. கம்பியின் நீளத்தோடு ஓடும் வெடிப்பும் பழுப்புக் கறையும் இதன் அடையாளம். மண் இறக்கத்தோடு இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. மேலே பூசி மறைப்பது வீண். கம்பியின் பின்புறம்வரை கொத்தி எடுத்து, துருவைச் சுரண்டி, தேய்ந்த கம்பிக்குத் துணைக்கம்பி சேர்த்து, பிறகே புதுக் காங்கிரீட் இட வேண்டும். 2000-ஆம் ஆண்டின் இந்தியத் தர விதிகள் அஸ்திவாரக் கம்பிக்கு 50 மில்லி மீட்டர் காங்கிரீட் மூடலும், கடற்கரைக் காற்றுப்படும் கம்பிக் காங்கிரீட்டுக்கு எம்-30 தரமும் குறைந்த அளவாக விதிக்கின்றன. அடித்தாங்கல் போடும்போதே இதைக் கேட்டு வாங்குவது நலம்.

நண்பர் வீட்டில் கீழ்ப்புறச் சுவருக்கு அடித்தாங்கல் முடிந்து இரண்டு மழைக்காலங்கள் கடந்தன. பழைய வெடிப்புக்களை அவர் உடனே பூசவில்லை. கண்ணாடிகளைப் புதுப்பித்து வைத்திருந்தார். முதல் மழையில் ஒன்றும் முறியவில்லை. இரண்டாம் மழையில், பின்புறச் சன்னலருகே இருந்த ஒன்று மட்டும் மயிரிழையாகக் கீறியது. மேலே போய்ப் பார்த்தபோது மறிப்பு வாய்க்காலில் பலாச்சருகு அடைத்து நீர் பின்வாங்கி நின்றது. சருகை வாரிவிட்டு, அந்தக் கண்ணாடியை மாற்றித் தேதி எழுதினோம். பூசையறைக் கதவு இப்போது இழுப்பதில்லை என்று அம்மையார் சொன்னார். ஆனால் தச்சர் அன்று இழைத்துவிட்டதால், அடியில் ஒரு விரற்கடை சந்து நிரந்தரமாகத் தங்கிவிட்டது.